வால் போன காரணம்

வைஃபை பெட்டிக்குப் பின்னால் குடியிருந்த சிங்காரம் என்கிற பல்லிக்குத் தன் வாலைப் பற்றி ரொம்பப் பெருமை. ஒருநாள் வீட்டுப் பூனை ஓங்கி ஒரு அடி போட்டதில் அந்த வால் துண்டாகிக் கீழே விழுந்துவிட்டது.

“எல்லாம் இந்தப் பெட்டியிலேர்ந்து வர்ற கதிர்வீச்சு, அக்கா!” என்று மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தியிடம் போய் அழுதான்.

“பூனை அடிச்சதை என் எட்டுக் கண்ணாலயும் பார்த்தேனேடா!”

“பூனை சும்மா தொட்டுச்சு. வாலைத் தளர வச்சது இதுதான்.”

மறுவாரம் பெட்டி பழுதாகி அணைந்தது. ஒரு மாதத்தில் புது வால் முளைத்தது. அதை ஆட்டிக்கொண்டு சுவரெல்லாம் ஓடினான் சிங்காரம்.

“பெட்டி படுத்துச்சு, வால் வந்துச்சு! வேற என்ன சாட்சி வேணும்?”

“பல்லிக்கு வால் முளைக்கிறது என்ன புதுசா?” என்றாள் சிலந்தி.

அன்று சாயங்காலமே ஆள் வந்து பெட்டியைச் சரிசெய்தார். பச்சை விளக்கு எரிந்தது. என்னவென்று பார்க்கக் கீழே இறங்கினான் சிங்காரம். அலமாரி மேலிருந்து பூனை பாய்ந்தது.

தப்பித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டவன், தரையில் துள்ளிக்கொண்டிருந்த புது வாலைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“பார்த்தியா அக்கா! நான் அப்பவே சொன்னேன்ல!”