எருக்குழிப் புழு

ஒரகடம் பக்கத்து ஏரியில் மீன் கூண்டு போட்டிருந்த முனிரத்தினத்துக்கு, அடிமண் சோதிக்கக் காலேஜிலிருந்து வந்த ஜோவிதா மேல் நம்பிக்கையே இல்லை.

“இன்னாம்மா, சேத்துல புழு பூச்சி இல்லாங்காட்டி கூண்ட எடுக்கச் சொல்லுவியா?”

“ஆமாங்கய்யா. மீன் தீனி அழுகினா அடியில இருக்கற உசிரெல்லாம் போயிடும்.”

சேற்றைச் சலித்தவள் நிமிர்ந்தாள். “ஐயா, இவ்ளோ சிவப்புப் புழுவா! அழுகல்லதான் இது பெருகும். கூண்டை எடுத்துடுங்க.”

பெரியவர் பதறிப்போனார். “அது ஏரிப்புழு இல்லம்மா! நீ போன் பேசிக்கினு இருக்கச்சொல்ல, எருக்குழியிலேர்ந்து நான்தான் அள்ளி உன் சேத்துல போட்டேன்!”

ஜோவிதா சிரித்தாள். “மண்புழுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. உங்க வாயால வரட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். நத்தை, மட்டியெல்லாம் தாராளமா இருக்கு. ஏரி நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப அப்டியே எழுதிக்க!”

“கலப்பட மண்ணை வச்சு எப்படி எழுதறது? மறுபடி எடுக்கறேன். இந்த வாட்டி கையைக் கட்டிக்கிட்டு என் எதிர்லயே உக்காருங்க!”