தென்னை நின்ற இடம்

பங்களா வராந்தாவில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். தோட்டத்துத் துரை. அவரிடம் விருந்தாளியாக வந்து படம் எழுதிய துரை. கணக்கப்பிள்ளை எபநேசர். பெரிய கங்காணி சோலைமலை. அவருடைய தங்கை புருஷன், அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணியாக இருந்த ஆண்டியப்பன்.

படத்தின்மேல் கிடந்த துணியை விலக்கினார்கள்.

பெரிய கங்காணி தன்னைத் தேடினார்.

மலை இருந்தது. மூடுபனி இருந்தது. கோப்பிச் செடிகள் வரிசையாகச் சரிவில் இறங்கின. ஓடைப் பாறையில் ஆண்டியப்பன் குந்தியிருந்தான், தலைத்துண்டு அவிழ்ந்து தொங்க, வெற்றிலை மென்றபடி. பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். காலடியில் ஒரு சொறிநாய்கூட இருந்தது.

அவனை யாரும் அங்கே இருக்கச் சொல்லவில்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

பெரிய கங்காணியை நிற்கச் சொன்னார்கள். நின்றார். மூன்று நாள் காலை. கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. தூறலிலும் அசையவில்லை. படம் சீமைக்குப் போகிறது, அதில் நான் இருக்கிறேன் என்று ஊருக்குக் கடுதாசியும் போட்டாயிற்று.

படத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு தென்னைமரம் இருந்தது.

அந்தக் குளிரில் தென்னை ஏது? நாலு மலை இறங்கினால்தான் ஒரு கீற்றையாவது பார்க்கலாம்.

கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் மெல்லக் கேட்டார். படம் எழுதிய துரை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"தென்னமரம் இருந்தாத்தான் சீமையில பாக்குறவங்களுக்கு இது சிலோன்னு தெரியுமாம்."

ஆண்டியப்பன் அண்ணாந்து பார்த்தான். படத்தை அல்ல, பெரிய கங்காணியை.

"மச்சான், ரெண்டு எளநி போடுங்க."

புரியாமலே துரைமாரும் சிரித்தார்கள்.

பெரிய கங்காணி தென்னையைப் பார்க்கவில்லை. படத்தில் அந்த வெற்றிலைச் செல்லம் பளபளத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சாயத்தால் ஒரே ஒரு தீற்று.

தங்கைக்குச் சீராக அவர் கொடுத்த செல்லம்.

அன்று மாலையே படமும் அதை எழுதிய துரையும் கண்டிக்கு வண்டியேறினார்கள்.

இல்லாத தென்னையை வெட்ட மறுநாள் பெரிய கங்காணி கோடாலியோடு மலையேறினார் என்று கூலி லயத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பொய். கையில் இருந்தது பிரம்பு. கோட்டும் தலைப்பாகையும் போட்டிருந்தார். மத்தியானம்வரை, படத்துக்காக நின்ற அதே இடத்தில் நின்றார்.

ஆண்டியப்பன் குந்தியிருந்த பாறைப் பக்கம் திரும்பவே இல்லை.