ஒருவழி ஒத்திகை

சாலையின் ஒரு பாதியைத் தோண்ட வேண்டியிருந்தது. மறுபாதியில் இரு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுவதாகப் பொறியாளர் திட்டம் வரைந்திருந்தாள். ஒத்திகை பார்க்காமல் அனுமதி தர மாட்டேன் என்றார் போக்குவரத்து ஆய்வாளர். ஆகவே மதியம் தடுப்புகளை வைத்து, வளைவுக்கு இந்தப் பக்கம் அவரோடு அவளும், அந்தப் பக்கம் சூப்பர்வைசரான அவள் கணவனும் வாக்கிடாக்கியோடு நின்றார்கள்.

“கடைசியா ஒரு சிவப்பு கார் வருது. அது வந்ததும் உன் பக்கத்தை விட்டுடு,” என்றான் கணவன்.

மற்ற வண்டிகள் வந்தன. சிவப்பு கார் வரவில்லை. நடுவில் திரும்ப ஒரு சந்துகூடக் கிடையாது. ஆய்வாளரே வளைவைத் தாண்டி நடந்து பார்த்துவிட்டு வந்தார். பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

“கண்ணைத் தொறந்துதான் பாத்தீங்களா?” என்று வாக்கிடாக்கியில் கணவனைக் கேட்டாள்.

“என் மூக்கை உரசிட்டுப் போச்சும்மா.” பிறகு அவன் குரல் இறங்கியது. “அதே கார் மறுபடியும் இங்க வந்து நிக்குது. பின் சீட்டுல நீ உக்காந்திருக்க. கூப்பிட்டாப் பேச மாட்டேங்கற.”

“உள்ள விடாதீங்க,” என்றாள்.

வாக்கிடாக்கி சற்று நேரம் இரைந்தது.

“விட்டுட்டேனே. நீதானே காருக்குள்ளேருந்து கையைக் காட்டினே?”

வளைவுக்கு அப்பால் ஓர் இன்ஜின் சத்தம் நெருங்கி வந்தது.