அகீலா மெடம் கவிழ்த்துப் பார்த்தார்

"சேர், சப்பாத்துல என்ன வெள்ளை பெயின்ட்?" என்று கேட்டார் அதிபர் பிரேமிளா.

மோகனராஜ் குனிந்து பார்த்தார். கறுப்புச் சப்பாத்தின் நுனியில் மிளகளவு ஒரு சொட்டு. கைக்குட்டையால் தேய்த்தார். அது போவதாயில்லை.

"நடுவர் வர்றாங்கன்னு லாப்பை அழகுபடுத்தினீங்களாக்கும். பரவாயில்ல, அந்த அக்கறையாவது இருக்கே" என்று தானே சமாதானமாகி, ஆய்வுகூடக் கதவைத் தள்ளினார் அதிபர். சுவர்கள் பழைய அழுக்கோடுதான் இருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அலுமாரியில் இருந்தது. அதாவது, ஒன்றுமே இல்லை.

"ஐயோ, களவு போயிடுச்சா?"

"இல்ல மெடம். கேட்டாங்க, குடுத்தேன். தராசு கம்பளைக்கு. பியூரெட்டும் தாங்கியும் ஹேவாஹெட்டவுக்கு. மூலக்கூறு மாதிரிப் பெட்டி கண்டி டவுனுக்கு."

பிரேமிளா கதிரையைத் தேடி உட்கார்ந்தார். சிறந்த ரசாயன ஆசிரியர் விருதுக்கு மோகனராஜோடு போட்டியில் மிஞ்சியிருந்தவர்கள் அந்த மூன்று ஊர் ஆசிரியர்களும்தான். வென்றால் பாடசாலைக்குப் புது ஆய்வுகூடம். தோற்றால் இந்த வத்தேகமப் பாடசாலையில் நடக்கும் உயர்தர ரசாயன வகுப்பை அடுத்த வருடம் டவுனுக்கு மாற்றிவிடுவதாக மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"போட்டிக்காரனுக்கு நம்ம சாமானைக் குடுத்துட்டு, நீங்க எதைக் காட்டப் போறீங்க? என் மூஞ்சியையா?"

"பாவம் மெடம், அவங்க லாப்லயும் ஒண்ணும் இல்லையாம்."

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

நடுவர் அகீலா மெடம் இளைப்பாறிய கல்விப் பணிப்பாளர். பாடசாலைப் பொருள்களைச் சரிபார்த்தே காலத்தைக் கழித்தவர் என்பதால், எதைக் கண்டாலும் கவிழ்த்து, அடியில் பாடசாலைப் பெயரும் இலக்கமும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு விழாவில் பிரதம விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே அவர் கதிரையைச் சாய்த்துப் பார்த்தாராம். இலக்கம் சரியாக இருந்ததாம். விருந்தாளிதான் கீழே இருந்தாராம்.

"சாமானெல்லாம் எங்க சேர்?" என்றார் அகீலா மெடம்.

"இருக்கிறதை வச்சுச் செய்வோம் மெடம்."

கூரைக் கம்பியில் பியூரெட்டுக்குப் பதிலாக ஒரு ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் தலைகீழாகத் தொங்கியது. அதற்குள் வடிகட்டிய தேசிக்காய்ப் புளிச்சாறு. கீழே ஜேம் போத்தலில் வெற்றிலைச் சுண்ணாம்பு தெளிந்த நீர், செம்பரத்தம்பூச் சாறு கலந்து பச்சையாக இருந்தது. றிஸானா என்ற மாணவி குழாயின் சில்லைத் திருக, புளி சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"எப்ப மகள் நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டார் அகீலா மெடம்.

"நிறம் மாறின பொறகு நிப்பாட்டினா பிந்திடும் மெடம். சொட்டு விழுற இடத்துல மட்டும் சிவப்பு வந்து வந்து மறையும். அப்ப வயித்துல ஒரு பயம் வரும். பயம் வந்ததும் சில்லை இறுக்கணும்."

"பயமா? அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"சேர்ட முகத்துல மெடம்."

வகுப்பே சிரித்தது. அகீலா மெடம் சிரிக்கவில்லை. ஜேம் போத்தல் மெல்ல இளஞ்சிவப்பாகும்வரை பார்த்திருந்தார். சேலைன் போத்தல் ஏற்கெனவே தலைகீழாக இருந்ததால், கவிழ்க்கும் வேலை அவருக்கு மிச்சம். பிறகு புள்ளித் தாளில் 'உபகரணங்கள்' என்ற கட்டத்தில் ஒரு பூச்சியம் போட்டார். அதை எட்டிப் பார்த்த பிரேமிளாவுக்கு வியர்த்துவிட்டது.

அலுவலகத்தில் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து அடியையும் பார்த்த பிறகே அகீலா மெடம் வாய் திறந்தார்.

"திங்கக்கிழமை கம்பளையில தராசைக் கவுத்துப் பாத்தேன். அடியில வத்தேகம பேர். அடுத்த நாள் ஹேவாஹெட்டவுல பியூரெட் தாங்கி. அதுலயும் வத்தேகம. நேத்து டவுன்ல ஒரு பொட்டி. அதுவும் வத்தேகம! மூணு நாளா ஊர் ஊராப் போய் உங்கட லாப்பைத்தான் பாத்திருக்கேன்."

"அவங்க கேட்டதால மெடம்..." என்று மோகனராஜ் தலையைச் சொறிந்தார்.

"சாமான் இருந்தா யாரும் படிப்பிப்பாங்க சேர். இருந்ததையும் குடுத்துட்டு இப்படிப் படிப்பிக்க இங்க ஒரு ஆள்தான் இருக்கு. விருது உங்களுக்குத்தான். இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு அப்பாவி!"

வேன் வளைவில் மறையும்வரை கையாட்டிய பிரேமிளா, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்களைப் போய்த் திட்டிட்டேனே சேர். எவ்வளவு நல்ல மனசு! ஆனா ஒண்ணு, நம்ம சாமான்ல இருந்த பேரெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சே. அந்த மெடம் கண்ணுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ!"

மோகனராஜ் தன் சப்பாத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"புதுசா எழுதித்தான் மெடம் குடுத்தேன்."