கழுவ வந்த ஷூ

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் பியூலா சேஃப்டி ஷூ கழுவிக்கொண்டிருக்கிறாள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நாறும் ஷூக்களை விட்டுப்போய், மறுநாள் வாடையே இல்லாமல் வாங்கிப்போகிறார்கள். முன்பு வைத்திருந்த ரெடிமேட் துணிக்கடை நஷ்டத்தில் மூழ்கிய பிறகு அவளாகக் கண்டுபிடித்த தொழில் இது. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்வதில்லை. சாய்வெயிலில் நாற்பது ஜோடி காய்கிறது. இஸ்திரி கலையாத சட்டைக்காரர் ஒருவர் ஒரு ஜோடியை நீட்டுகிறார். "இன்னா ஊத்தி கழுவுறம்மா, வாடையே இல்லாம?" "சோப்புத் தண்ணிதான் சார்." அவர் கண் அவளைத் தாண்டி, மூலையில் அவள் கலவை கலக்கிவைத்திருக்கும் நீல வாளிக்குப் போகிறது. ரெடிமேட் கடைக்கும் இப்படித்தான் ஒருவர் வந்து, துணி எங்கே எடுக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த மாதமே எதிரில் கடை போட்டார். பியூலா ஷூவைத் திருப்பிப் பார்க்கிறாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கைவிட்டால் கசங்கிய பேக்கிங் காகிதம் வருகிறது. "எந்த கம்பெனி சார் நீங்க?" "இங்கதாம்மா, பக்கத்துல." அவர் கை ஒரகடம் பக்கம் நீண்டு, பாதியில் இறங்குகிறது. அவள் எழுந்துபோய் வாளியின்மேல் சாக்கை இழுத்துவிடுகிறாள். ஷூவை அவரிடமே நீட்டுகிறாள். "இதுக்கு இப்போ வேலை இல்ல சார். ஒரு மாசம் போட்டு நடந்து, வேர்வை ஊறினப்புறம் எடுத்துனு வாங்க."