இன்னும் மூன்று சுற்று

"இன்னும் மூணு சுத்து இருக்கு, மிங்யு அப்பா. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்குமாம்."

கொரியாவின் பூசான் நகர ஆஸ்பத்திரி நடைபாதையில் டோக்சு சலைன் ஸ்டாண்டைப் பிடித்தபடி மூச்சு வாங்கினான். கப்பல் பட்டறையில் இரும்பு தூக்கிய நூற்று முப்பது கிலோ உடம்பு.

"முடியலடி. உடம்பைக் குறைக்க இரைப்பையை வெட்டின மறுநாளே நடன்னா என்ன நியாயம்?"

"பேசாம நட."

எதிரே வந்த நர்ஸ் நாற்காலியைக் காட்டினாள். "ஐயா, துணைக்கு வந்தவங்க உட்காருங்க. நோயாளி நடந்தா போதும்."

சலைன் குழாய் அவன் மனைவி சுன்ஜாவின் மணிக்கட்டில் போய் முடிந்தது.

"இதே ஆபரேஷன்ல செத்துருவேன்னு பயந்து, கையெழுத்துப் போடாம ஓடுனியே," என்றாள் களைப்பாக. "பாரு, முதல்ல நான் பண்ணிக்கிட்டேன், சாகல. அடுத்து நீ."

டோக்சு உட்காரவில்லை. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தான்.