ஊதாத் துணிக்குள் நாலு பெண்கள்

பெயர்தான் தைரியநாதன். அந்த மாடி வீட்டின் பின்பக்கக் கதவைத் தள்ளுவதற்குள் பத்துத் தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. ஆவூருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் ஈ காக்கை இல்லை. சனம் மொத்தமும் சிலுவைப் பாதை ஊர்வலத்துக்குப் போயிருந்தது. ஊர் சுற்றி இந்தத் தெருவுக்குள் வர எப்படியும் ஒன்றரை மணி ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் நேரம் குறித்திருந்தார். கொல்லையில் கட்டியிருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. என்ன நினைத்ததோ, குரைக்காமல் மறுபடியும் படுத்துக்கொண்டது.

ஹாலில் பீரோ. அதிலேயே சாவி தொங்கியது. தைரியநாதன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வந்த காரியம் வேறு.

எதிர்ச் சுவரில் இருந்தது அந்தப் படம். ஆளுயரம். நானூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் எவனோ ஒரு புண்ணியவான் வரைந்ததாம். அதை அப்படியே பார்த்து இன்னொரு புண்ணியவான் தீட்டிய நகல், பாரிஸிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தது. வந்து நாலே நாள்தான். ஊரில் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. விலை மூன்று லட்சம் என்று அவருக்கு நம்பகமான தகவல்.

படத்தில் நாலு பெண்கள் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூந்தலைப் பிழிந்தாள். ஒருத்தி குதிகாலைத் தேய்த்தாள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு முழம் துணி கிடையாது.

"அடக் கடவுளே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடியே படத்தை ஆணியிலிருந்து இறக்கினார்.

இதைத் தெருவில் எப்படித் தூக்கிப்போவது? அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்தது. நாற்பது நாள் தபசு காலத்தின் கடைசியில் கோயிலில் இருக்கும் புனிதர் சுரூபம், படம் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். ஈஸ்டர் வரை எப்பேர்ப்பட்ட கொம்பனும் அதைத் தொடமாட்டான். தைரியநாதனும் மூன்று மீட்டர் ஊதாத் துணி வாங்கி வைத்திருந்தார். சுற்றிக் கட்டியதும் நாலு பெண்களும் அடக்க ஒடுக்கமாகிவிட்டார்கள்.

தெருமுனையில் வீரய்யா லோடு ஆட்டோவோடு காத்திருந்தான். இலுப்பூர்ப் பக்கம் அவனுடைய பம்ப்செட் ரூமுக்குள் தள்ளிவிட்டால் தீர்ந்தது. மாட்டினால் மட்டும், வாத்தியார் வாத்தியார் என்று முப்பது வருடமாக ஊர் கொடுத்த மரியாதை ஒரே நாளில் போய்விடும்.

பத்தடி நடந்திருக்க மாட்டார். பாழாய்ப்போன வெயில்! அது தாங்காமல் சாமியார் ஜெபங்களைச் சுருக்கிவிட, சிலுவைப் பாதை முக்கால் மணி நேரம் முன்னதாகவே தெருவுக்குள் திரும்பிவிட்டது.

"என்னங்க வாத்தியாரே அது?" என்றார் முன்னால் வந்த மாதா சபைத் தலைவி ஜாஸ்பின்.

வாயில் வந்ததை உளறினார். "நே... நேர்ச்சைப் படம்ங்க."

அவ்வளவுதான். ஜாஸ்பின் நடுரோட்டில் முழந்தாளிட்டார். பின்னாலேயே ஊரும் பொத்து பொத்தென்று முழந்தாளிட்டது. அங்கிட்டு வீரய்யா ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டான், படுபாவி.

"யாரு படம்ங்க? அந்தோணியாரா, சவேரியாரா?"

"நாலு பேருங்க... ஆத்துல நிக்கிறாங்க."

"ஞானஸ்நானமா!" ஜாஸ்பினுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமியார் டேவிட் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "கோயில்ல இடமில்ல. இந்தா, இந்த மாடி வீட்டு ஹால்தான் பெரிசு. இங்கிட்டே வைப்போம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் வந்திருங்க. நானே துணிய எடுக்கிறேன்."

எடுத்த இடத்துக்கேவா! தைரியநாதன் படத்தை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாலு பேர் படத்தைத் தூக்கினார்கள். ஜாஸ்பின் பாட்டெடுத்தார். வீட்டுக்காரம்மா சந்தனமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாசல் பூட்டைத் திறந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். ஊதாத் துணியைப் பார்த்தார். தைரியநாதனை ஏற இறங்கப் பார்த்தார். ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

"பாருங்களேன், அளவெடுத்த மாதிரி ஆணிகூட ரெடியா இருக்கு! ஆண்டவரோட ஏற்பாடு!" என்று ஜாஸ்பின் பரவசப்பட்டார். படம் பழையபடி சுவரில் ஏறியது.

கூட்டம் கலைந்தது. அதோடு சேர்ந்து தைரியநாதனும் நைசாக நழுவப் பார்த்தார். சந்தனமேரி விடவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மருமகன் ஆசையா அனுப்புனத வேணாம்னு சொல்ல முடியாது, திருடு போச்சுன்னு சொல்லிருவோம்னு நாலு நாளாப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... நம்ம வீட்ல திருடக்கூட ஒங்களுக்குத் துப்பில்லையா?"